வரிசையில் நின்ற நீலக் குடம்

ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்கள் தெருவுக்குள் நுழைகிறேன். தெருவில் ஓர் ஆள் இல்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரிகிற சின்னத் தெரு அது. அந்த நேரத்தில் அங்கே ஆள் இல்லாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. யாராவது கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு ஒரு வீட்டில் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டு வாசலில் அரிவாள்மணையும் பாதி அரிந்த வெங்காயமும் அப்படியே கிடந்தன. எனக்குக் கண் லேசாக எரிந்தது.

தண்ணீர்த் தொட்டியடியில் குடங்கள் வரிசையாக நின்றன. என் நீலக் குடமும் நின்றது, காலையில் நான் வைத்துவிட்டுப் போன அதே இடத்தில்.

என் வீட்டு வாசற்படியில் ஒரு செருப்பு கிடந்தது. ஒரே ஒரு செருப்பு. சின்னப் பிள்ளையுடையது. வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. பக்கத்தில் ஈரக் கைக்குட்டை ஒன்று சுருண்டு கிடந்தது.

அந்த ஊக்கு எனக்குத் தெரியும். முந்தின நாள் பள்ளியில் சோறு போடும்போது என் புடவையிலிருந்து நான்தான் கழற்றிக் குத்திக் கொடுத்தேன்.

போன வாரம் இந்தத் தொடரில், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தெருவைப் படமாக வரைந்ததைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்தச் செருப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் வேறு எதையாவது எழுதலாமா என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

முட்டை டீச்சர்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒன்று. நான் டீச்சர் இல்லை. பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் என் பொறுப்பு. பிள்ளைகளுக்கு நான் 'முட்டை டீச்சர்'. கூப்பிடும்போது 'மிஸ்'. முதுகுக்குப் பின்னால் வெறும் 'முட்டை'. காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன்.

எனக்குப் பிறந்த வீடு யானைக்கவுனி. அப்பா தெற்கேயிருந்து வந்து மிளகாய் மண்டி வைத்தவர். கடை கீழே, வீடு மேலே. வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் பண்ணிக்கொண்டு நான் எண்ணூருக்கு வந்தேன். அப்பா போனதற்கும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணன் கடையை எடுத்து நடத்தினார். என்னைப் பெற்ற கணக்கையே அந்த வீட்டில் அழித்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆறு வருஷம்தான் இருந்தார். மார்வலி வந்து விழுந்த அன்று நான் பள்ளியில் சாம்பார் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ கேட்க வந்து ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கிறான். பதில் இல்லை. தூங்குகிறார் போல என்று போய்விட்டான். அவன்மேல் குற்றம் இல்லை, அவனுக்கு என்ன தெரியும். ஆனால் அந்த ஒரு தட்டு என் மனதில் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த ஒன்றரை அறை வீட்டில் நான் மட்டும். தெருவில் எல்லோருடனும் பேசுவேன், யாருடனும் ஒட்ட மாட்டேன். யார் வீட்டு விசேஷத்துக்கும் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று சொல்வார்கள். திமிர்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேஜைக்கு அடியில்

ஒரு நாள் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆபத்து வந்தால் பிள்ளைகள் தங்களைக் காத்துக்கொள்ளவும் தெருவுக்கு உதவவும் பழக்க வேண்டும், பிள்ளைகள் குழு ஒன்று அமைக்க வேண்டும், தெருவிலேயே குடியிருக்கிற பெரியவர் ஒருவர் அதற்கு வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் பெரம்பூர், கொளத்தூர் என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள். என் தலையில் கட்டினார்.

வந்த பெண்கள் ஒரு படம் விரித்தார்கள். நிலநடுக்கம் வந்தால் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும் என்று அதில் ஒரு பையன் புகுந்திருந்தான். எங்கள் பிள்ளைகள் ரொம்ப நேரம் பார்த்தார்கள். ரோஷினி கை தூக்கினாள்.

"எங்க வூட்ல மேஜ இல்ல மிஸ். கட்டிலுக்குக் கீழ வலை கீது. அதுக்குக் கீழ பூனை குட்டி போட்டுக்கீது."

வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண் கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வழி கேட்டாள்.

ரோஷினி ஏழாம் வகுப்பு. அம்மா தேவி விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, திருவொற்றியூரில் கூடை வைத்து விற்கிறவள். அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை. ஒல்லிப் பெண், பேச்சு மட்டும் அவள் அம்மா கூடைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. மத்தியானம் முட்டையை முதலில் தின்ன மாட்டாள். சோற்றுக்குள் புதைத்து வைத்துக் கடைசியில் எடுத்துத் தின்பாள்.

சரி, உங்கள் தெருவில் எதைக் கண்டால் பயம் என்று கேட்டார்கள். மழை என்றார்கள் சிலர், லாரி என்றார்கள் சிலர். பெரும்பாலும் எல்லோரும் சொன்னது வாடை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாடையில் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முட்டை அழுகின வாடை வந்தால் தலைவலி. மூத்திர வாடை வந்தால் கண் எரியும், தொண்டை பிடிக்கும், அதுதான் ஓட வேண்டிய வாடை. பெயின்ட் வாடை ராத்திரியில் வரும். கருவாட்டு வாடை நல்ல வாடை. எந்த வாடை எந்தப் பக்கத்துக் காற்றுக்கு வரும் என்பது வரைக்கும் ஒப்பித்தார்கள். வந்த பெண்களில் ஒருத்தி எழுதிக்கொண்டே மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் கேட்டதற்கு, தெருமுனைக் கட்சிக் கொடியைக் காட்டினார்கள். கொடி பறக்கிற பக்கம் ஓடக் கூடாது, குறுக்கே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ரோட்டைத் தாண்டிப் பள்ளி வராந்தா. அதுதான் கூடுமிடம் என்று பிள்ளைகளே முடிவு பண்ணினார்கள்.

சிவப்புப் பொட்டு

பிறகு நான்கு வெள்ளை அட்டைகளை ஒட்டித் தெருவை வரைந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு வரைந்தார்கள். தானாக எழுந்து ஓட முடியாதவர் இருக்கிற வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு. பக்கவாதம் வந்து படுத்த தாத்தா வீட்டுக்கு ஒன்று. கண் தெரியாத மாமி வீட்டுக்கு ஒன்று. பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்குப் பென்சிலில் ஒன்று, பிரசவமானால் அழித்துவிடலாம் என்று.

படம் முடிந்ததும் என்னிடம் கொண்டுவந்தார்கள். என் வீட்டின்மேல் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு என்ன கேடு, உங்களையெல்லாம்விட வேகமாக ஓடுவேன், ரப்பரை எடு என்றேன். ரோஷினி ரப்பரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"ஓடுவீங்கோ மிஸ். ஆனா நீங்கோ தனியா கீறீங்கோ. உங்களக் கூப்ட யாரு வருவா?"

மற்ற பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். இதைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள் என்று புரிந்தது. பொட்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் சிறிது நேரம் நின்றேன்.

ஒவ்வொரு சிவப்பு வீட்டுக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. போகிற வழியில் அந்தக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு ஓட வேண்டும். ரோஷினிக்கு இரண்டு வீடு. பக்கவாதத் தாத்தா வீடு, என் வீடு.

ஒரு விதி மட்டும் நான் சேர்த்தேன். ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. உள்ளேயிருந்து பதில் வராமல் வாசலை விட்டு நகரக் கூடாது. இதை மூன்று தடவை எல்லோரையும் சொல்லவைத்தேன். ஏன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு மேலே சொல்லிவிட்டேன்.

வீட்டில் ஆள் இல்லை என்றால் என்ன பண்ணுவது என்று ஒரு பையன் கேட்டான். அதற்கும் ரோஷினியே பதில் சொன்னாள். குடத்தைப் பார் என்றாள்.

குடம் இருந்தால் ஆள் உண்டு

எங்கள் தெருவில் அப்போது குழாய்த் தண்ணீர் கிடையாது. லாரி வந்து தொட்டியை நிரப்பும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடிந்ததும் ஆளுக்கொரு குடத்தைக் கொண்டுபோய்த் தொட்டியடியில் வரிசையில் வைப்போம். குடம்தான் நமக்காக நிற்கும். நாம் வீட்டு வேலை பார்க்கலாம். லாரி வந்ததும் குரல் வரும், ஓடிவந்து அவரவர் குடத்துக்குப் பின்னால் நின்றுகொள்வோம்.

இதில் ஒரே ஒரு சட்டம். கூப்பிட்ட குரலுக்கு வர முடிந்தால்தான் குடம் வரிசையில் இருக்கலாம். வெளியே போகிறவள் குடத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் குடத்தை விட்டுப் போனவளைப் பத்து நாளைக்குப் பேசுவார்கள். மற்ற எதற்குச் சண்டை வந்தாலும் மறந்துவிடுகிற தெரு அது. இதை மறக்காது.

அதனால் குடம் வரிசையில் இருந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் தெருக் குழந்தைக்குக்கூட அது தெரியும். என் குடம் நீலம், கழுத்தில் மஞ்சள் பெயின்ட் கோடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவில் எல்லா வீட்டிலும் வெளியே தொங்குகிற பூட்டுதான். என் வீட்டுக்காரர் மட்டும் கதவிலேயே பதித்த பூட்டுப் போட்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியிருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று தெரியாது.

யானைக்கவுனி

அப்பா கடையில் முன்பு வேலை பார்த்த ஒருவரை மின்சார ரயிலில் பார்த்தேன். வரும் சனிக்கிழமை அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தமாமே, நீங்கள் வருவீர்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பெண்ணை நான் கைக்குழந்தையாக ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் வழக்கம்போல் குடத்தை வரிசையில் வைத்தேன். வீட்டுக்கு வந்தேன். போவதாகவே இல்லை. பிறகு பட்டுப்புடவையை எடுத்துப் பார்த்தேன். கட்டிப் பார்த்தேன். என்றைக்கோ வாங்கி வைத்த ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருந்தது. அதைப் பைக்குள் போட்டேன்.

தெருவழியாகப் போனால் பட்டுப்புடவையைப் பார்த்து எங்கே என்று கேட்பார்கள். அழைப்பில்லாத வீட்டுக்கு என்று எப்படிச் சொல்வது? பின்பக்கச் சந்து வழியாக ஸ்டேஷனுக்குப் போனேன். குடத்தை எடுக்க வேண்டுமானால் தொட்டியடிக்குப் போக வேண்டும். அங்கே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குடம் இருந்துவிட்டுப் போகட்டும், லாரிக்கு முன்னால் வந்துவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

மறந்துபோய் விட்டுவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை.

ராயபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எதிரே ஒரு கடையின் மூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் நின்றேன். மிளகாய் நெடி மாறவே இல்லை. மாடியிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. அண்ணன் வெளியே வந்து யாரையோ வரவேற்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. இன்னொரு தடவை வெளியே வந்தால் போய் நின்றுவிடலாம் என்று நினைத்தேன். வந்தார். நான் நகரவில்லை.

அப்போது என் போன் அடித்தது. தேவி என்று பெயர் வந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று கட் பண்ணினேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் கட் பண்ணி, போனை அணைத்துப் பைக்குள் சிமிழுக்குப் பக்கத்தில் போட்டேன்.

பிறகு பந்தி நடக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு

இப்போது அந்த வாசற்படிக்கு வருகிறேன்.

செருப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். பட்டுப்புடவையோடு ஓடினேன். தெருவே வராந்தாவில் இருந்தது. காலையில் ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து அமோனியா கசிந்து மூத்திர வாடை கிளம்பியிருக்கிறது. பிள்ளைகள் கொடியைப் பார்த்து, ஈரத்துணியை மூக்கில் வைத்து, பொட்டு வைத்த எல்லாக் கதவையும் தட்டி எல்லோரையும் கொண்டுவந்துவிட்டார்கள். கண் தெரியாத மாமி ஒரு மூலையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். பக்கவாதத் தாத்தா பெஞ்சில் படுத்திருந்தார். எல்லோரும் இருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் நகர்ந்து வழி விட்டார்கள். பள்ளி வாட்ச்மேன்தான் சொன்னார்.

ரோஷினி தாத்தா வீட்டில் சொல்லிவிட்டு ஓடிவந்திருக்கிறாள். தொட்டியடியைத் தாண்டும்போது நீலக் குடத்தைப் பார்த்திருக்கிறாள். மிஸ் உள்ளே இருக்காங்க என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடியிருக்கிறாள். பிறகு அவளைக் காணவில்லை. யாரோ தேவிக்குப் போன் பண்ண, தேவி எனக்குப் பண்ணியிருக்கிறாள். கடைசியில் ஐஸ் ஏற்றுகிற மினி வேன்காரர் ஒருவர்தான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்த் தூக்கிவந்திருக்கிறார். என் வாசற்படியில் விழுந்து கிடந்தாளாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். காலையிலிருந்து நான் வந்துபோன அதே வழியில் மூன்றாவது தடவையாகப் போனேன்.

தேவி வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். மீன் கூடையோடு அப்படியே வந்திருக்கிறாள். என் புடவையைப் பார்த்தாள். கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். ஆபீஸ் வேலை, பள்ளி அரிசி விஷயமாகப் போனேன் என்றேன். சனிக்கிழமையில், பட்டுப்புடவையில்.

"ஒங்க கொடம் வரிசைல கீது, நீங்க இல்ல. எம் பொண்ணு இன்னா பண்ணும் டீச்சர்?" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

பிறகு உள்ளே விட்டார்கள். ரோஷினி மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்கோ உள்ள இல்லயா மிஸ்? நல்லதாப் போச்சு."

ஏன் ஓடவில்லை என்று கேட்டேன். பதில் வரலியே என்றாள்.

அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் தூக்கத்தில் கேட்கிறேன். நான் மூன்று தடவை சொல்லவைத்த விதி அது. என் வீட்டுக்காரரை எண்ணி நான் போட்ட விதி. அந்த விதிப்படி, ஆளில்லாத வீட்டுக் கதவுக்கு முன்னால், பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி மூச்சுத் திணறிக்கொண்டு பதிலுக்காக நின்றிருக்கிறாள். பிழைத்தாள். அதற்கு நான் எந்த விதத்திலும் காரணம் இல்லை.

அவர்கள் போட்ட விதி

குழுவைக் கலைத்துவிடலாம் என்று பெற்றோர் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். பிள்ளைகளைப் பிள்ளைகளாக விடுங்கள், ஊரைக் காப்பாற்றப் பெரியவர்கள் இல்லையா என்றேன். யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்திருக்க வேண்டிய பெரியவள் நான்தானே.

கலைக்க ஒத்துக்கொள்ளாதவர்கள் பிள்ளைகள்தான். இத்தனை பேரைக் கொண்டுவந்தோமே, விதி தப்பென்றால் விதியை மாற்றுங்கள் என்றார்கள். ரோஷினி கூட்டத்துக்கு வரவில்லை. தேவி விடவில்லை. ஆனால் நோட்டுத் தாளில் எழுதி ஒரு தோழியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும். மூன்று தட்டு, அதற்குமேல் நிற்கக் கூடாது. பதில் வந்ததா வரவில்லையா என்பதைக் கூடுமிடத்தில் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். உள்ளே போவது பெரியவர்கள் வேலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள்.

தாளின் கடைசியில், எங்கேயாவது போனால் எல்லோரும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எழுதியிருந்தாள். எல்லோரும் என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தாள்.

ரோஷினிக்கு வீசிங் நிற்கவில்லை. இந்தக் காற்று ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு மாதத்தில் தேவி குடும்பத்தோடு வியாசர்பாடிக்குத் தன் அண்ணன் வீட்டுப் பக்கம் போய்விட்டாள். போகிற அன்று சாமான் வண்டி என் வாசலைத் தாண்டித்தான் போனது. வெள்ளிச் சிமிழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேணாம் டீச்சர் என்று தேவி என் கையை மூடிவிட்டாள். ரோஷினி வண்டியின் பின்னாலிருந்து தெருமுனை வரைக்கும் கையாட்டினாள். அந்தச் செருப்பைத்தான் போட்டிருந்தாள், ஊக்கோடு.

தேவி, நீ பத்திரிகை படிக்கிறவள் இல்லை. யாராவது படித்துச் சொன்னால் தெரிந்துகொள். அன்றைக்கு நான் அரிசி விஷயமாகப் போகவில்லை. கூப்பிடாத வீட்டு எதிரில் நின்றிருந்தேன். உன் போனை நான்தான் கட் பண்ணினேன், இரண்டு தடவையும்.

மூன்று தட்டு

வாசகர் கேட்ட படம் பள்ளிச் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. வருஷா வருஷம் ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் புதிதாக வரைகிறார்கள். கண் தெரியாத மாமி போய்ச் சேர்ந்துவிட்டார், பொட்டு போய்விட்டது. என் வீட்டுப் பொட்டு அப்படியே இருக்கிறது. நான் இப்போது ரப்பர் கேட்பதில்லை. நான் ஓய்வு பெற்றும் ஆகிவிட்டது. தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. ஆனாலும் பாதி நாள் தண்ணீர் வராது, குடங்கள் தொட்டியடியில்தான் நிற்கும்.

வெளியே போகும்போதெல்லாம் குடத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன். அந்தப் பழக்கம் வந்துவிட்டது. சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் மட்டும் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து யாரிடம் போய், எப்படி ஆரம்பிப்பது?

போன மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும், வானம் இருட்டிக்கொண்டு வந்தது. என் கதவு தட்டப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. இருக்கேன் என்று உள்ளேயிருந்து கத்தினேன். முழங்கால் வலியோடு எழுந்து கதவைத் திறப்பதற்குள் வாசலில் யாரும் இல்லை. அடுத்த சிவப்பு வீட்டில் மூன்று தட்டு கேட்டது. பிறகு இரண்டு ஜோடிக் கால்கள் தண்ணீரில் ஓடுகிற சத்தம்.

நிற்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. கூடவே அழுகையும் வந்தது, எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. குடத்தை எடுத்து உள்ளே வைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன்.

வராந்தாவில் பட்டியல் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பள்ளியில் சேர்ந்தவள். என்னைத் தெரியாது. எந்த வீடு என்று கேட்டாள், சொன்னேன். கூட யார் என்று கேட்டாள், யாரும் இல்லை என்றேன். கோடு போட்டாள்.

"வெளிய போறதுன்னா சொல்ட்டுப் போங்கோ," என்றாள், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். வந்த எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். எல்லோரும் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். அரை மணி நேரம் போயிருக்கும். மழை கொஞ்சம் விட்டிருந்தது. எழுந்து அந்தப் பெண்ணிடம் போனேன்.

முனையில் இருக்கிற டீக்கடை வரைக்கும் போகிறேன், ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்றேன். அவள் நேரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

புயல் நாளில் டீக்கடை திறந்திருக்காது என்று எனக்குத் தெரியும். போனேன். மூடித்தான் இருந்தது. பலகைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி இரண்டு நிமிஷம் நின்றேன். ஐந்து நிமிஷம் ஆவதற்குள் திரும்பிப் போய், அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்று, "வந்துட்டேன்" என்றேன்.